நைஜீரியாவில் பெரிய நிறுவனம் என்றால் பாதுகாப்பான வேலையா?

கேள்வி: ஓசூரில் ஒரு பேக்கேஜிங் தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். வயது 36. மனைவி, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள்; வீட்டுக் கடன் இன்னும் பல ஆண்டுகள் கட்ட வேண்டியிருக்கிறது. நைஜீரியாவிலிருந்து இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. ஒன்று, அங்குள்ள பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, பன்னாட்டுக் குழுமத்தைச் சேர்ந்த பெரிய நுகர்பொருள் நிறுவனம். மாதம் 36 லட்சம் நைரா, வீடு, கார். மற்றொன்று, இந்திய வம்சாவளிக் குடும்பம் நடத்தும் நடுத்தர நிறுவனம். எள்ளையும் முந்திரியையும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்கிறார்கள். மாதம் 1,900 டாலர், தங்குமிடம். பெரிய நிறுவனம் என்றால் எந்தக் காலத்திலும் மூட மாட்டார்கள் என்று நினைத்து முதலாவதை ஏற்க விரும்புகிறேன். அந்த நாட்டின் பெரிய நிறுவனங்கள் எவை, முக்கியத் தொழில்கள் எவை? டங்கோட்டே சுத்திகரிப்பு ஆலையில் ஆள் எடுப்பதாக நண்பர் சொல்கிறார், அதற்காகக் காத்திருக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விகள் எல்லாமே ஓர் எண்ணத்திலிருந்து பிறந்தவை: நிறுவனம் பெரியதாக இருந்தால் வேலை நிலைக்கும், சம்பளத்தின் மதிப்பும் நிலைக்கும். லாகோஸிலும் அதை ஒட்டிய ஓகுன் மாநிலத்திலும் இயங்கும் இந்தியர்களின் நிறுவனங்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்துவருபவன் என்ற முறையில், 2023-க்குப் பிறகு இந்த எண்ணத்தை நம்பி வந்தவர்கள் பட்ட சிரமத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே பெரிய நிறுவனங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. நைஜீரியாவில் ஒரு நிறுவனத்தை எடைபோடும்போது அதன் அளவுக்கு முன்னால் கேட்க வேண்டியது, அது எந்த நாணயத்தில் சம்பாதிக்கிறது, எந்த நாணயத்தில் செலவழிக்கிறது என்பதைத்தான். நைராவில் விற்று டாலரில் செலவழிக்கும் நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், நைரா சரிகிற ஆண்டில் அதன் கணக்கு புரண்டுவிடும். டாலரில் விற்று நைராவில் செலவழிக்கும் நிறுவனம் சிறியதாக இருந்தாலும் அதே ஆண்டில் தலைநிமிர்ந்து நிற்கும்.

இது ஏன் இப்படி என்று புரிய, அந்த நாட்டின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 20 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் நாடு அது. 2025-ல் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அடிப்படை ஆண்டை 2019-க்கு மாற்றிக் கணக்கிட்டபோது, 2024-ஆம் ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 24,300 கோடி டாலர் என்று தெரியவந்தது. அதில் பாதிக்கு மேல் சேவைத் துறையிலிருந்தும், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விவசாயத்திலிருந்தும் வருகிறது. எண்ணெய் நாடு என்று நாம் நினைத்திருக்கும் நைஜீரியாவில், மொத்த உற்பத்தியில் எண்ணெயின் நேரடிப் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் ஏற்றுமதி வருமானத்தின் பெரும்பகுதி எண்ணெயும் எரிவாயுவும் கொண்டுவருவதுதான். அதாவது மக்கள் பிழைப்பது வணிகத்தாலும் விவசாயத்தாலும்; நாட்டுக்கு டாலர் வருவதோ எண்ணெயால். எண்ணெயில் சிறு தடங்கல் ஏற்பட்டாலும் சோப்புத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் வாங்க டாலர் கிடைக்காமல் போவது இதனால்தான்.

1956-ல் நைஜர் டெல்டாவில் ஓலோய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 1958-ல் ஏற்றுமதி தொடங்கியது. அதற்கு முன்பு வடக்கே கானோவின் நிலக்கடலையும், தென்மேற்கின் கோக்கோவும், தெற்கின் பனை எண்ணெயும்தான் அந்நாட்டின் வருமானம். எண்ணெய்ப் பணம் பெருகப் பெருக இவை மங்கின. கடுனா நகரத்தின் பெரும் துணி ஆலை 2007-ல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையிழந்தன. ஒரு காலத்தில் ஆயிரம் ஆயிரமாகத் தொழிலாளர்களை வைத்திருந்த ஊர் அது. தறிகளோடு வாழ்ந்த ஊர்களை அறிந்த நமக்கு அந்த இழப்பின் கனம் விளக்காமலே புரியும். பெரிய ஆலை மூடாது என்ற நம்பிக்கை அங்கேயும் இருந்தது.

இனி 2023-க்கு வருகிறேன். உங்கள் முடிவுக்கு மிகவும் வேண்டிய பகுதி இது. அந்த ஆண்டு மே 29 அன்று பதவியேற்ற அதிபர் போலா டினுபு, பெட்ரோல் மானியம் இனி இல்லை என்று பதவியேற்பு உரையிலேயே அறிவித்தார். இரண்டே வாரங்களில் மத்திய வங்கி, அதுவரை செயற்கையாகப் பிடித்துவைத்திருந்த நாணய மாற்று விகிதத்தைச் சந்தையின் கையில் விட்டது. ஒரு டாலருக்குச் சுமார் 460 நைரா என்றிருந்த அதிகாரபூர்வ விகிதம், 2024-ல் 1,500 நைராவையும் தொட்டது. அதற்கு முன்பே டாலர் தட்டுப்பாடு கடுமையாகத்தான் இருந்தது. பயணச்சீட்டு விற்ற பணத்தை டாலராக மாற்றி வெளியே எடுக்க முடியாமல் எமிரேட்ஸ் விமான நிறுவனம் 2022-ல் நைஜீரிய சேவையை நிறுத்தி, 2024 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. உலகப் பெரும் விமான நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், உள்ளூர்த் தொழிற்சாலைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சம்பளச் சீட்டில் வைத்துப் பாருங்கள். 2023 தொடக்கத்தில் மாதம் 9,20,000 நைரா சம்பளத்தில் ஒருவர் அங்கே சேர்ந்திருந்தால், அதிகாரபூர்வ விகிதத்தில் அது 2,000 டாலர். ஒரு டாலர் 1,500 நைரா ஆன பிறகு அதே சம்பளம் 613 டாலர். அவருடைய வேலை போகவில்லை, நிறுவனம் மூடப்படவில்லை, ஒரு மாதச் சம்பளம்கூடத் தாமதமாகவில்லை; ஆனாலும் ஊருக்கு அனுப்பும் பணம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பல நிறுவனங்கள் சம்பளத்தை உயர்த்திக் கொடுத்தன என்பது உண்மை. ஆனால் எந்த உயர்வும் நைரா விழுந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. உங்கள் வீட்டுக் கடன் ரூபாயில் இருக்கிறது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

தொழிற்சாலைக்குள் இது எப்படி வரும் என்பதையும் பராமரிப்புப் பொறியாளரான நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அங்கே எதை இறக்குமதி செய்தாலும், முதலில் வங்கி வழியாக ‘ஃபார்ம் எம்’ என்ற படிவத்தைப் பதிவு செய்ய வேண்டும். படிவம் பதிவாகிவிடும், டாலர் கிடைப்பது வேறு கதை. தட்டுப்பாடு முற்றியிருந்த மாதங்களில் நான் தணிக்கைக்குப் போன ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில், மூலப்பொருள் கிடங்கில் பாலிமர் மூட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மரப்பலகைகள் அடுக்கிக் கிடந்தன. ஒரு இயந்திரத்தின் கியர் பெட்டி பழுதாகி, உதிரிபாகத்துக்கான பணம் வங்கியில் நைராவாகத் தயாராக இருந்தும், அதை டாலராக மாற்ற முடியாததால் அந்த இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். பக்கத்து இயந்திரத்திலிருந்து பாகங்களைக் கழற்றி மாட்டி எஞ்சியவற்றை ஓட்டிக்கொண்டிருந்தார் அங்கிருந்த பராமரிப்பு மேலாளர். திறமையான மனிதர், அவருடைய திறமையால் அந்தக் குறையை ஈடுகட்ட முடியவில்லை.

சரி, பெரிய நிறுவனங்கள் எவை? எண்ணெய், எரிவாயுவில் முதலிடம் அரசின் என்.என்.பி.சி. நிறுவனத்துக்கு. 2021-ல் வந்த பெட்ரோலியத் தொழில் சட்டத்தின்படி அது 2022 ஜூலையில் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக மாறியது. அதோடு ஷெல், டோட்டல், எனி நிறுவனங்களும் பங்குதாரர்களாக இருக்கும் நைஜீரியா எல்.என்.ஜி. நிறுவனம் போனி தீவில் இயங்குகிறது, 1999 முதல் திரவ எரிவாயுவை ஏற்றுமதி செய்துவருகிறது, ஆண்டுக்கு 2.2 கோடி டன் அதன் திறன். முழுக்க டாலர் வருமானம் என்பதால் என் கணக்கில் அந்நாட்டின் மிகத் திடமான நிறுவனம் இதுதான். அண்மைக் காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் நிலப்பகுதி எண்ணெய்க் கிணறுகளை உள்நாட்டவரிடம் விற்றுவிட்டு ஆழ்கடலுக்கு நகர்கின்றன. எக்ஸான்மொபிலின் ஆழமற்ற கடல் கிணறுகளை 2024 டிசம்பரில் செப்லாட் வாங்கியது. ஷெல்லின் நிலப்பகுதிச் சொத்துகளை 2025 மார்ச்சில் ரினைசன்ஸ் கூட்டமைப்பு வாங்கியது. திருட்டும் குழாய் உடைப்பும் சேர்ந்து 2022 ஆகஸ்டில் நாட்டின் எண்ணெய் உற்பத்தி நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாய்க்கும் கீழே விழுந்திருந்தது, பிறகு மீண்டது. இந்தத் துறையில் உங்களைப் போன்றவர்களுக்கு நேரடி வேலை அரிது. 2010-ல் வந்த உள்ளூர்ப் பங்களிப்புச் சட்டம் எண்ணெய், எரிவாயுப் பணிகளில் நைஜீரியர்களுக்கே முன்னுரிமை தருகிறது. அது நியாயமான சட்டம் என்பதே என் கருத்து.

தனியார் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அலிகோ டங்கோட்டே. கானோவில் பிறந்து, வணிகத்தில் தொடங்கி, சிமெண்டில் நிலைபெற்றவர். கோகி மாநிலத்தின் ஒபஜானாவில் இருக்கும் அவருடைய சிமெண்ட் ஆலை உலகின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று. சுண்ணாம்புக்கல் காலடியிலேயே கிடைப்பதால், நாணயச் சரிவைச் சிமெண்ட் தொழில் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கியது. எரிவாயுவின் விலை டாலரோடு கட்டப்பட்டிருப்பதால் முழுவதும் தப்பவில்லை. அதே துறையில் அப்துல் சமத் ரபியுவின் பி.யு.ஏ. குழுமம் அடுத்த இடத்தில் இருக்கிறது; சர்க்கரை, மாவு என்று உணவுத் தொழிலிலும் அது பெரியது.

டங்கோட்டேயின் சுத்திகரிப்பு ஆலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லாகோஸுக்குக் கிழக்கே இபேஜு-லெக்கியில், நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய் சுத்திகரிக்கும் திறனோடு, சுமார் 2,000 கோடி டாலர் செலவில் கட்டப்பட்டது அந்த ஆலை. 2024 ஜனவரியில் டீசலும் விமான எரிபொருளும், அதே ஆண்டு செப்டம்பரில் பெட்ரோலும் வெளிவரத் தொடங்கின. கச்சா எண்ணெயை விற்றுவிட்டுப் பெட்ரோலை இறக்குமதி செய்துகொண்டிருந்த ஒரு நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை மனதாரப் பாராட்டுகிறேன். அதன் பொறியியல் ஆலோசனையை நம் நாட்டின் பொதுத்துறை நிறுவனமான இன்ஜினியர்ஸ் இந்தியா செய்தது. கட்டுமானக் காலத்தில் ஏராளமான இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் அங்கே வேலை செய்தார்கள். உங்கள் நண்பர் கேள்விப்பட்டது அந்தக் காலத்துச் செய்தியாக இருக்கலாம். கட்டும்போது தேவைப்பட்ட ஆட்கள் ஓட்டும்போது தேவைப்படுவதில்லை. தவிர, 2025 செப்டம்பரில் அந்த ஆலை 800-க்கும் மேற்பட்ட நைஜீரியப் பணியாளர்களை நீக்கியபோது, பெங்கசான் என்ற எண்ணெய்த் துறை உயர்நிலைப் பணியாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கி, அங்கே இந்தியர்கள் அமர்த்தப்படுவதையும் வெளிப்படையாகக் கேள்வி கேட்டது. அரசு தலையிட்டு வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தாலும், அந்தக் கேள்வி அங்கேயே நிற்கிறது. ஆகவே அதற்காகக் கையிலிருக்கும் வாய்ப்பை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். உங்கள் அனுபவமும் பேக்கேஜிங் இயந்திரங்களில்தான். சுத்திகரிப்பு ஆலையின் தேவை வேறு.

தொலைத்தொடர்பில் எம்.டி.என். நைஜீரியாவும், 2010-ல் பார்தி குழுமம் குவைத்தின் ஜைன் நிறுவனத்திடமிருந்து ஆப்பிரிக்கச் சேவைகளை வாங்கிய பிறகு வந்த ஏர்டெல்லும் பெரியவை. எம்.டி.என்.னின் கதையை உங்களுக்காகவே விரித்துச் சொல்கிறேன். நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று. சந்தாதாரர்கள் பல கோடி. 2023-ல் அதன் வருவாயும் நன்றாகவே உயர்ந்தது. அப்படியிருந்தும் அந்த ஆண்டு 13,700 கோடி நைராவும், அடுத்த ஆண்டு சுமார் 40,000 கோடி நைராவும் நஷ்டம் காட்டியது. வாடிக்கையாளர் கொடுப்பது நைரா. கைபேசிக் கோபுரங்களுக்கான வாடகையின் பெரும்பகுதியும் கருவிகளும் கடனும் டாலரோடு பிணைந்தவை. 2025 ஜனவரியில் கட்டணத்தை 50 சதவீதம் வரை உயர்த்த ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த பிறகுதான் அது லாபத்துக்குத் திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் மீண்டெழ அரசின் அனுமதி தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

உங்களுக்கு முதலில் வந்திருக்கும் வாய்ப்பு நுகர்பொருள் துறையில். நாணயச் சரிவில் அதிகம் அடிபட்டது இந்தத் துறைதான். நெஸ்லே நைஜீரியா 2023-ல் 7,950 கோடி நைராவும், 2024-ல் 16,000 கோடி நைராவுக்கு மேலும் நஷ்டப்பட்டது, விற்பனை குறையவில்லை, வெளிநாட்டு நாணயக் கடன்தான் அதை அழுத்தியது, 2025-ல் மீண்டது. கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் 2023 ஆகஸ்டில் அந்நாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்தது. யூனிலீவர் அதே ஆண்டு சலவைப் பொருள், குளியல் சோப்பு வரிசைகளைக் கைவிட்டது. டிசம்பரில் பிராக்டர் அண்ட் கேம்பிள் உள்ளூர் உற்பத்தியை நிறுத்தி, இறக்குமதி செய்து விற்கும் முறைக்கு மாறுவதாகச் சொன்னது. பெரியவர்கள் மூட மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மையில் பன்னாட்டுக் குழுமத்துக்கு நைஜீரியா பல நாடுகளில் ஒன்று. கணக்கு ஒத்துவராவிட்டால் தலைமையகத்தில் ஒரு கூட்டத்தில் முடிவெடுத்து விலகிவிட முடியும். அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலுக்கு அந்த வசதி கிடையாது.

அப்படி நிலைத்தவர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு டோலாராம் குழுமம். சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட இந்திய வம்சாவளிக் குடும்ப நிறுவனம் இது. 1988-ல் இந்தோமி நூடுல்ஸை நைஜீரியாவுக்குக் கொண்டுவந்தபோது அந்த உணவே அங்கே புதிது. இன்று லாகோஸில் அது இல்லாத கடை இல்லை. தெருமுனையில் முட்டையோடு சேர்த்துச் சமைத்துக் கொடுக்கிறார்கள். இந்தக் குழுமம் லெக்கி ஆழ்கடல் துறைமுகத்திலும் பங்குதாரர். மற்றவர்கள் வெளியேறிக்கொண்டிருந்த 2024-ல், பிரிட்டனின் மதுபான நிறுவனமான டியாஜியோ விட்டுச்சென்ற கின்னஸ் நைஜீரியா என்ற பீர் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. எனவே நுகர்பொருள் துறை முழுவதுமே தவிர்க்க வேண்டியது என்று நான் சொல்லவில்லை. அந்த நிறுவனம் எவ்வளவு மூலப்பொருளை உள்நாட்டிலேயே வாங்குகிறது, டாலரில் எவ்வளவு கடன் வைத்திருக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால் ஆண்டறிக்கை இணையத்தில் கிடைக்கும். 2023, 2024 ஆண்டுகளின் லாப நஷ்டக் கணக்கில் அந்நியச் செலாவணி நஷ்டம் என்ற வரியைத் தேடி, செயல்பாட்டு லாபத்தோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

வங்கிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கு அங்கே வேலையில்லை என்பதால். ஆக்சஸ், ஜெனித், யு.பி.ஏ., ஜி.டி., 1894-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் பேங்க் ஆகியவை பெரியவை. நைரா விழுந்தபோது டாலர் சொத்துகளை வைத்திருந்த வங்கிகள் பெருலாபம் பார்த்தன; அரசு அதில் 70 சதவீதத்தை வரியாகக் கேட்டது. இதிலும் நான் மேலே சொன்ன நாணயக் கணக்கே வேலை செய்கிறது.

உங்களுக்கு வந்துள்ள இரண்டாவது வாய்ப்பு ஏற்றுமதித் துறையில். எள், முந்திரி, கோக்கோ, இஞ்சி ஆகியவை எண்ணெய் சாராத ஏற்றுமதியில் முக்கியமானவை. நைஜீரிய முந்திரிக்கொட்டையின் பெரும்பகுதி உரிக்கப்படாமலே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டை தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குவதும், பண்ருட்டிப் பக்கத்து உரிப்பு ஆலைகளுக்குப் போவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதை அங்கேயே உரித்துப் பருப்பாக அனுப்பும் நிறுவனம் என்றால், விற்பது டாலரில், கொட்டையும் கூலியும் நைராவில். நைரா விழுந்தால் அவர்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கும் தனி ஆபத்துகள் உண்டு. அறுவடைக் காலத்தில் கொட்டையை வாங்கிக் குவிக்கப் பெரும் மூலதனம் வேண்டும். வங்கி வட்டி கடுமை. உலகச் சந்தை விலை ஒரு பருவத்தில் சரிந்தால் கையிருப்பே சுமையாகிவிடும். கோக்கோவில் இதை எல்லோரும் பார்த்தோம்: 2024-ல் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிய விலை பிறகு வேகமாக இறங்கியது. குடும்ப நிறுவனமாக இருப்பதால் கணக்கு வெளியே தெரியாது. முதலாளியின் நேர்மையை நம்பித்தான் இறங்க வேண்டும். ஆகவே அங்கே இப்போது வேலை செய்யும் இந்தியர் இருவரிடமாவது தனியாகப் பேசி, கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்த மாதமாவது சம்பளம் தள்ளிப்போனதா என்று நேராகக் கேளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டு சம்பளங்களையும் அருகருகே வைப்போம். ஒரு டாலருக்கு 1,500 நைரா என்று கொண்டால் 36 லட்சம் நைரா என்பது 2,400 டாலர். 500 டாலர் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் அது வரிக்கு முந்தையதா, பிந்தையதா என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய வரிச் சட்டத்தின் விகிதங்களில், ஆண்டுக்கு 4 கோடியே 32 லட்சம் நைரா வருமானத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரியாகப் போகும். மாதம் கைக்கு வருவது 28.6 லட்சம் நைரா அளவில். டாலரில் 1,900-ஐ ஒட்டியது. அந்த 500 டாலர் வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடுகிறது. இந்தியர்களின் நிறுவனங்கள் பெரும்பாலும் வரி போகக் கைக்கு வரும் தொகையையே சொல்வது வழக்கம். 1,900 டாலர் அப்படிப்பட்ட தொகையா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது வரி போக வரும் தொகையாக இருந்தால், நைரா இன்னும் சரிந்தால் முதல் வேலையின் சம்பளம் மட்டும் தேயும், இரண்டாவது தேயாது. நைரா வலுப்பெற்றால் முதலாவதில் லாபம் உண்டு, மறுக்கவில்லை. வீட்டுக் கடனும் மகளின் படிப்பும் உள்ள ஒருவர் அந்தப் பந்தயத்தில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆகவே, மேலே சொன்ன விசாரணைகளில் தவறாக எதுவும் தெரியவராவிட்டால், நான் இரண்டாவது வேலையையே பரிந்துரைக்கிறேன். முதல் நிறுவனம் சம்பளத்தில் பாதியையாவது டாலரில் நிர்ணயித்து, கொடுக்கும் நாளின் விகிதத்தில் நைராவாகத் தரவும் ஒப்புக்கொண்டால், என் பரிந்துரையை மாற்றிக்கொள்வேன். பல நிறுவனங்கள் இப்போது இதற்கு இணங்குகின்றன. கேட்பதில் தயங்க வேண்டாம்.

எந்த வேலையாக இருந்தாலும் மின்சாரத்தைப் பற்றிக் கேளுங்கள்; உங்கள் வேலையின் பெரும்பகுதி அதுதான். அந்த நாட்டின் மின்தொகுப்பு பெரும்பாலும் 4,000 முதல் 5,000 மெகாவாட்டுக்குள்தான் வழங்குகிறது. 2024-ல் அது பலமுறை முழுவதுமாகச் செயலிழந்தது. தொழிற்சாலைகள் சொந்த எரிவாயு எஞ்சின்களையோ டீசல் ஜெனரேட்டர்களையோ நம்பி ஓடுகின்றன. எரிவாயுக் குழாய் இணைப்பு இருக்கிறதா, முழுக்க டீசலா என்று கேட்டாலே அந்தத் தொழிற்சாலையின் உற்பத்திச் செலவு உங்களுக்குப் புரிந்துவிடும். ஓசூரில் ஜெனரேட்டர் என்பது அவசரத்துக்கு. அங்கே அதுதான் அன்றாடம்.

விசா விஷயத்தில் கறாராக இருங்கள். நிறுவனத்துக்கு வெளிநாட்டுப் பணியாளர் ஒதுக்கீடு இருக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் உங்கள் பதவி இடம்பெற்றிருக்க வேண்டும். அதன் பேரில்தான், அங்கே வேலைக்குச் சேர்பவர்களுக்கான எஸ்.டி.ஆர். விசா கிடைக்கும். வணிக விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அந்த ஒதுக்கீட்டின் நிபந்தனையாக, உங்கள் வேலையைக் கற்றுக்கொள்ள நைஜீரியப் பொறியாளர்களை உங்களோடு இணைப்பார்கள். தங்கள் இடம் போய்விடும் என்று பயந்து அவர்களுக்குப் பாதி மட்டும் சொல்லிக்கொடுக்கும் நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன்; வருத்தமாக இருக்கும். வேலையில்லாமல் தவிக்கும் பட்டதாரிகள் நிறைந்த நாடு அது. முழுமையாகக் கற்றுக்கொடுங்கள், அப்படிச் செய்பவர்களைத்தான் நிறுவனங்களும் நீண்ட காலம் வைத்துக்கொள்கின்றன.

முதல் ஆண்டு தனியாகப் போங்கள். லாகோஸின் இலுபேஜுவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி இருக்கிறது; தொழிற்சாலை ஓகுன் மாநிலத்தில் அமைந்தால் தினசரிப் பயணம் குழந்தைக்குக் கடினம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். மலேரியாவை அலட்சியப்படுத்த வேண்டாம். இருட்டிய பிறகு நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். ஆட்கடத்தல் அங்கே உண்மையான ஆபத்து, நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகளை ஒரு நாளும் மீறாதீர்கள்.

கடைசியாக வரி. இரண்டாவது நிறுவனம் டாலர் சம்பளத்தை இந்தியாவில் உள்ள கணக்கில் நேரடியாகப் போடுவதாகச் சொன்னால், உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்து, குடியிருப்பவர் அல்லாதவர் என்ற தகுதி உங்களுக்குக் கிடைத்தாலும், சம்பளம் முதன்முதலில் இந்தியாவில் பெறப்பட்டதாக வருமான வரித் துறை கருதினால் வரி கேட்க இடமுண்டு. வெளிநாட்டில் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் வாங்கி, அங்கிருந்து உங்கள் என்.ஆர்.இ. கணக்குக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) அனுப்புவது பாதுகாப்பான வழி. அதே காரணத்துக்காக, இந்தியாவில் உள்ள கிளை நிறுவனம் ரூபாயில் சம்பளம் தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். புறப்படும் தேதியை செப்டம்பர் கடைசி வாரத்துக்கு முன்பாக வைத்துக்கொண்டால் இந்த நிதியாண்டிலேயே 182 நாள் கணக்குக்குள் வந்துவிடுவீர்கள். பணி நியமனக் கடிதத்தில் சேரும் தேதியை அதற்கேற்பக் கேட்டு வாங்குங்கள்.